குழந்தைகளின் நலம் நாடிய பெருமாட்டி
(டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சரித்திரச் சுருக்கம்)

உலகத்தில் நோயுற்றார்க்கு இரங்குவோர் பலர். நோய் வருமுன் அதனை நாடிச் சென்று தடுப்போர் மிகச் சிலரே. வளர்ந்தவன் தனக்கு நோவு உண்டாயின் இன்ன இடத்தில் இன்னவாறு நோகின்றதென்று வாய்விட்டுச் சொல்வான். பேச்சறியாச் சிசுவோ அழ மட்டுமே வல்லது. நோய் முற்றியவழி அழுவதற்கும் வலியின்றி வாளா கிடக்கும். ஆதலின் குழந்தை வைத்தியம் என்பது, சொல்லப்படாத நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையாம். அவ்வித்தையின் பயன் நம் நாட்டுக் குழந்தைகள் யாவர்க்கும் கிடைத்தல் வேண்டுமென்று அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாடுபட்ட ஒரு தமிழ்ப் பெண்மணியின் வாழ்க்கையை இங்கே சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இதனை எழுதும்படி நம்மைத் தூண்டியது நம் புதுவை நகரிலேயே அன்றாடம் காணக் கிடைக்கும் ஒரு காட்சியாகும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ விடியற்காலையிற் சென்று நின்று பார்ப்பவர், கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்தில் வந்திறங்கும் தாய்மாரைக் காணலாம். ஒருத்தியின் தோளில் உறங்கும் குழந்தைக்கு நோய் இன்னதென்று தெரியும். மற்றொருத்தியின் இடுப்பிலுள்ள குழந்தையோ பார்வைக்கு நோயற்றதே. எனினும் அதனையும் நிறுத்துப் பார்க்கின்றனர். அதன் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுக்கின்றனர். செவியருகே ஒலியெழுப்பிப் பரிசோதிக்கின்றனர். நோயில்லாத குழந்தைக்குச் சோதனை எதற்கு என்று உடன்வந்த பாட்டிமார் வெகுள்வதுமுண்டு. அக்கேள்விக்கு விடை சொல்வதே இச்சரித்திரத்தின் கருத்தாகும்.

புதுவைக்கு மருத்துவக் கல்வி புதியதன்று. பிரெஞ்சு அரசாங்கத்தார் 1823-ஆம் ஆண்டிலேயே இந்நகரில் ஒரு வைத்தியப் பள்ளியை ஏற்படுத்தினர். அதன் வழித்தோன்றலே 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் கோரிமேட்டில் ஜிப்மர் என்னும் பெயர் பூண்டது. பிரான்ஸ் தேசத்தில் குழந்தை நலத்துக்கு வித்திட்டவருள் பியேர் புதேன் என்பார் ஒருவர். பாரீசு நகரத்து ஷாரித்தே மருத்துவமனையில் 1892-இல் அவர், தம்மிடம் பிரசவித்துச் சென்ற தாய்மார் தம் சிசுக்களைக் குறித்த நாள்தோறும் கொணர்ந்து நிறுத்துக் காட்டவேண்டுமென்னும் முறையைத் தொடங்கினார். அவர் கைக்கொண்ட கருவி ஒரு தராசுதான். எடை ஏறுகின்றதெனின் குழந்தை நலமாயுள்ளது. ஏறாது நின்றதெனின், முகம் சிரித்திருப்பினும் உள்ளே ஏதோ குறையுண்டு. பிறந்த எடை ஐந்து மாதமளவில் இருமடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் ஆதல் இயல்பு. நோய் தோன்றுமுன் அதன் நிழலைக் காணும் வழி இதுவென்பதை அத்தராசு உலகுக்குக் கற்பித்தது. இக்கருத்தைத் தமிழ் நாட்டுச் சட்டசபைக்குள் கொண்டு சென்றவரே நாம் கூறவந்த முத்துலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அவ்வூர் மகாராஜா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபினர். குல வேற்றுமை மிகுதியாகப் பாராட்டப்பட்ட அந்நாளில் இவ்விருவரும் இல்லறம் நடத்தியமையால் உறவினரது இகழ்ச்சி அவ்வீட்டின்மேல் நிழலெனப் படிந்திருந்தது. அவ்விகழ்ச்சியின் சுவையை அறிந்தே முத்துலட்சுமி வளர்ந்தார். உடலாலும் அவர் வலியரல்லர். மூச்சிரைப்பும் கண்பார்வைக் குறைவும் இளமையில் அவரை வருத்தின. பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணையும் மார்பையும் சோதிக்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தியபோது, அக்குறைகளோடு பாடம் படிப்பது எத்தகைய துன்பமென்பதைத் தம் உடம்பாலேயே அறிந்திருந்தாரென்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பருவமெய்திய பெண்கள் வீட்டைவிட்டு வெளிவருதல் வழக்கமன்று ஆதலின், பள்ளி செல்லுதல் இடையில் நின்றது. தந்தையார் மகளைக் கைவிட்டாரல்லர், வீட்டிலேயே கற்பித்தார். 1902-இல் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தனித்தேர்வராக அமர்ந்து வெற்றி பெற்றார். மேலே படிக்கவேண்டுமாயின் ஆடவர் கல்லூரியன்றி வேறு வழியில்லை. பெண்ணொருத்தி ஆடவரோடு கற்பதா என்று ஊரிற் பெருங்கூக்குரல் எழுந்தது. தம் மக்களைக் கல்லூரியினின்று நீக்கிவிடுவோமென்று பெற்றோர் சிலர் அச்சுறுத்தினர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைச் செவியேற்காது முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். ஓர் அரசன் ஒரு கதவைத் திறந்தான்; அக்கதவின் வழியே பின்னாளில் நுழைந்தவர் எத்துணையரென்று கணக்கிட இயலாது.

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியில் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1878-இலேயே கற்றுத் தேறியிருந்தாராயினும், இந்தியப் பெண்கள் அங்குப் பயில்வது அரிதாகவே இருந்தது. முத்துலட்சுமி பல பரிசுகளையும் பதக்கங்களையும் பெற்று, அறுவை வைத்தியத்திலும் முதன்மை எய்தி, 1912-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியரின் வரிசையில் அவர் பெயர் நிற்கின்றது. பின்னர் எழும்பூர் அரசினர் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராக அமர்ந்தார்.

அந்நாளைய குழந்தைகளின் நிலையை இக்கால மாணவர்கள் உள்ளவாறு அறிதல் நன்று. குழந்தை இளைத்தால் கணை என்பர். வயிறு உப்பினால் மாந்தம் என்பர். ஓயாது அழுதால் உரம் விழுந்தது என்று முறத்திலிட்டு உருட்டுவர். வயிற்றுப்போக்குக் கண்டால் தண்ணீரையும் பாலையும் நிறுத்துவர். இவையெல்லாம் அன்பின்மையால் நேர்ந்தனவல்ல, அறியாமையால் நேர்ந்தன. வயிற்றுப்போக்கில் குழந்தையை மாய்ப்பது பெரும்பாலும் உடலினின்று நீரும் உப்பும் வடிந்து போவதே. ஆகவே நீரை நிறுத்தும் தாய், தன் குழந்தையைக் காப்பதாக எண்ணிக்கொண்டே அதனைக் கொல்லும் வழியிற் செல்கின்றாள். கண் குழிதல், நா உலர்தல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து விழுதல் ஆகியவையே அஞ்சத்தக்க குறிகளென்றும், உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊட்டித் தாய்ப்பாலையும் நிறுத்தாது கொடுத்தல் வேண்டுமென்றும் இன்று சிற்றூர்த் தாதியும் அறிவாள். எழும்பூரில் இளம் மருத்துவராக நின்ற அம்மையார் காலத்தில் அக்கரைசல் முறை உலகில் எங்கும் நிலைபெற்றிலது. மேலும், பதின்மூன்று பதினான்கு பிராயத்திலேயே தாயாகும் சிறுமியரையும், அவர் ஈன்ற எடை குறைந்த சிசுக்களையும் அந்நாளைய மருத்துவர்கள் அடிக்கடி காண நேர்ந்தது. சிசுவின் நோய்க்குக் காரணம் சிசுவிடம் மட்டுமில்லை. தாயின் வயதிலும், அவள் உண்ட உணவிலும், வீட்டின் வழக்கத்திலும் உள்ளதென்ற எண்ணமே அம்மையாருடைய பிற்காலத் தொண்டுகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

1914-இல் அவர் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சரிநிகராக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையிடலாகாது என்னும் உடன்பாட்டின் மீதே அவர் மணத்துக்கு இசைந்தார். கணவரும் அவ்வாக்கினைக் காத்தார். இரு புதல்வர் பிறந்தனர். சென்னையில் அம்மையாருடைய வைத்தியத் தொழில் நன்கு வளர்ந்தது. அமைதியாகப் பொருளீட்டி வாழ்ந்திருக்கலாம். ஆயினும் ஊழ் அவரை அவ்வாறு விட்டிலது.

அவருடைய தங்கை நோயுற்றாள். சீதபேதியென்று கருதி அதற்குரிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. உண்மையில் அது மலக்குடலிற் புற்றுநோய். இன்னதென்று தெளிந்தபோது நோய் கைமீறிப் போய்விட்டது. 1923-இல் தங்கை மாண்டாள். மருத்துவரொருவர் தம் உடன்பிறந்தாளையே காக்க இயலாமற்போன துயரம் எத்தகையதென்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டுவதில்லை. ஒரு செய்தியை மட்டும் குறிப்பிடுவோம். அத்துயரம் அவரை விதியை நொந்து அமரச் செய்திலது. காலத்தாற் செய்யப்படும் சோதனையே உயிரைக் காப்பது, காலந் தாழ்ந்த சோதனை நோயின் பெயரை மட்டுமே அறிவிப்பது என்னும் உண்மையை அவர் உள்ளத்திற் பொறித்தது.

1925-இல் சென்னை அரசாங்கத்தார் அளித்த உபகாரச் சம்பளத்தோடு, பெண்கள் குழந்தைகள் நோய்களைப்பற்றி மேற்கொண்டு பயிலும்பொருட்டு அவர் குடும்பத்துடன் இலண்டன் சென்று, செல்சி பெண்கள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். இங்கிலாந்தில் அக்காலத்தே பள்ளி மாணவர்க்கு வைத்தியப் பரிசோதனை செய்தல் சட்டத்தின் கடமையாக இருந்தது. அதன் வரலாறு நோக்கத்தக்கது. தென்னாப்பிரிக்கப் போருக்குப் படைதிரட்டியபோது, வந்த இளைஞருட் பலர் உடற்குறையால் தள்ளப்பட்டனர். அக்குறைகள் குழந்தைப் பருவத்திலேயே கண்டு நீக்கத்தக்கவையென்று உணர்ந்த அந்நாட்டார் 1907-இல் சட்டமியற்றிப் பள்ளிதோறும் மருத்துவரை அனுப்பினர். 1926-இல் பாரீசில் கூடிய அகில உலகப் பெண்கள் மாநாட்டிலும் அம்மையார் இந்தியப் பெண்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டு தாய்நாடு திரும்பினார்.

திரும்பியவுடன் இந்திய மாதர் சங்கத்தார் அவரைச் சென்னைச் சட்டசபைக்கு அனுப்ப விரும்பினர். தொழிலை விட்டு அரசியலிற் புகுவதற்கு அவர் முதலில் தயங்கினார், கணவர் ஊக்கினார். 1926-ஆம் ஆண்டின் இறுதியில் நியமனம் பெற்றுச் சபை புகுந்த அவரை, 1927-இல் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக உபதலைவராகத் தேர்ந்தெடுத்தனர். சட்டசபையொன்றில் அப்பதவி வகித்த முதற் பெண்மணி என்று அவர் போற்றப்படுவதுண்டு.

சபையில் அவர் கொணர்ந்தவற்றுள் நாம் முதலிற் கூறத்தக்கது, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவ மாணவியர்க்கு முறையாக வைத்தியப் பரிசோதனை நடத்தல் வேண்டுமென்பது. சாலை, கால்வாய், வரி என்பவற்றைப்பற்றி வாதிட்டுப் பழகிய சபையில், குழந்தையின் பல்லையும் கண்ணையும் தொண்டையையும்பற்றி ஒரு பெண்மணி எழுந்து பேசியது புதுமையாக இருந்திருக்கும். ஆயின் அதன் உட்பொருள் சிறிதன்று. நோயுற்ற பிள்ளையைப் பெற்றோரே மருத்துவரிடம் கொண்டு செல்வர். நோயுற்றிருப்பது தெரியாத பிள்ளையை யார் கொண்டு செல்வார்? அத்தகைய பிள்ளைகளெல்லாம் நாள்தோறும் ஒருங்கு கூடும் இடம் பள்ளிக்கூடமே. ஆகலின் மருத்துவர் பிள்ளையைத் தேடிப் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்பதே அம்மையாருடைய கோரிக்கையின் சாரம்.

இதன் உண்மையை நாமே கண்டதுண்டு. நாம் சிறுவராய்ப் பயின்ற காலத்தில் நம் வகுப்பிற் கடைசிப் பலகையில் ஒரு மாணவன் அமர்ந்திருப்பான். கரும்பலகையில் எழுதியதைப் படிக்கச் சொன்னால் விழிப்பான், பிரம்படி பெறுவான், மந்தபுத்தியன் என்று பெயரும் பெற்றான். நாமும் அவனைக் கண்டு நகைத்தோம். ஐந்தாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டான். பல்லாண்டு கழித்துச் சந்தித்தபோது தடித்த கண்ணாடி அணிந்திருந்தான். அதனை அணிந்த அன்றுதான் மரத்தின் இலைகள் தனித்தனியே இருப்பதைத் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டதாகச் சொன்னான். குறை அவன் புத்தியிலன்று, கண்ணில் இருந்தது. எழுத்தட்டை ஒன்றைச் சுவரில் மாட்டி இருபதடி தூரத்தில் அவனை நிறுத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அது வெளிப்பட்டிருக்கும். அவ்வைந்து நிமிடத்தை அவனுக்கு யாரும் கொடுத்தாரில்லை. நாம் நகைத்த நகைப்பு இன்றும் நம்மைச் சுடுகின்றது. அம்மையார் சபையில் வேண்டியது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்னும் தீர்மானமும் அவருடைய முயற்சியே. குழந்தை சிறிய மனிதனன்று. அதன் நாடித் துடிப்பு வேறு, மூச்சின் எண்ணிக்கை வேறு, மருந்தின் அளவு வேறு. வளர்ந்தவன் நிமிடத்துக்கு நாற்பது முறை மூச்சு விட்டால் பேராபத்து. பிறந்த குழந்தைக்கோ அது இயல்பு. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு விடினும், ஓராண்டுக்குட்பட்டது ஐம்பதைத் தொடினும், ஐந்தாண்டுக்குட்பட்டது நாற்பதைத் தொடினும் நுரையீரற் சுரமென ஐயுற்று மருத்துவரை நாடவேண்டும் என்பது இன்று உலகெங்கும் கையாளப்படும் கணக்கு. இத்தகைய வேறுபாடுகளை அறிந்தவர் தனியே இருந்து பார்த்தாலன்றிக் குழந்தைகள் பிழையார் என்பது அம்மையார் கொள்கை. அரசாங்கத்தாரும் இசைந்து, எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனையிலே குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியொன்றைத் திறந்தனர்.

சிறுமியர் தாயாவதைத் தடுக்கும்பொருட்டுப் பால்ய விவாகத் தடைச் சட்டத்தை அவர் முழு மூச்சோடு ஆதரித்தார். 1929-இல் நிறைவேறிய அச்சட்டம் 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்து, பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்தது. தாயின் வயதைச் சீர்திருத்துவது சிசுவுக்குச் செய்யும் முதல் வைத்தியமென்று அம்மருத்துவர் கருதினார் போலும். பெண் மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவும் அவரே 1927-இல் சபையிற் போர் தொடுத்தார். எதிர்த்தவர் பெரியவர், இகழ்ந்தவர் பலர். எனினும் அவர் பின்வாங்கவில்லை. அவ்வழக்கத்தை முற்றும் ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது. ஹார்ட்டாக் கல்விக் குழுவில் உறுப்பினராக 1928, 1929-ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுதும் சுற்றிப் பள்ளிகளின் நிலையையும் நேரிற் கண்டார்.

1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே அவர் வாழ்வில் மற்றொரு கதவு தட்டப்பட்டது. பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்று தப்பி வந்த சிறுமியர் சிலர் இரவில் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. குலத்தால் வரும் இகழ்ச்சியை இளமையிலேயே அறிந்தவர் அக்குழந்தைகளைத் திருப்பியனுப்புவாரா? தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து, அடையாற்றில் ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியர்க்கும் உறைவிடமும் கல்விச் சாலையுமாயிற்று.

தங்கையின் நினைவு அவரைவிட்டு நீங்கவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று 1935 முதல் அவர் கேட்டுவந்தார். அந்நோய் வந்தார் மாள்வதே முறை, அவர்க்கு மருத்துவமனை எதற்கு என்று சொன்னோரும் உண்டு. அவர் வீடு வீடாகப் பொருள் திரட்டினார். 1952 அக்டோபர் 10-ஆம் நாள் நேரு பெருந்தகை அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் பன்னிரண்டே படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், இளம் மருத்துவராக வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். 1960-இல் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியும் அங்கு ஏற்பட்டது. உடன்பிறந்தாள் ஒருத்தியைக் காக்கமாட்டாத கை, முன்பின் அறியாத எண்ணிறந்த குழந்தைகளைக் காக்கும் வழியை வகுத்தது.

1956-இல் இந்திய அரசாங்கத்தார் பத்மபூஷண் விருது வழங்கி அவரைச் சிறப்பித்தனர். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் அகவை நிறைதற்குச் சில நாட்களே இருக்கையில், அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். தமிழ் நாட்டு அரசாங்கத்தார் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டியுள்ளனர். 2019 முதல் அவர் பிறந்த நாளை அம்மாநில அரசு மருத்துவமனைகள் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகின்றன.

அவர் வேண்டியவற்றுட் பல இன்று கைகூடியுள்ளன. எழும்பூரில் குழந்தைகளுக்கெனப் பெரியதொரு தனி மருத்துவமனை நிற்கின்றது. பிறந்தது முதல் பதினெட்டு வயதுவரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் சென்று பரிசோதிக்கும் திட்டத்தை 2013-இல் இந்திய அரசாங்கம் தொடங்கியது. பிறவிக் குறை, நோய், சத்துக்குறை, வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கையும் தேடுவது அதன் நோக்கம். 1927-ஐ ஒட்டிச் சென்னைச் சபையில் ஒரு பெண்மணி கேட்டது, ஏறத்தாழத் தொண்ணூறாண்டு கழித்து நாடு முழுதும் செல்லும் திட்டமாயிற்று.

இனி, நாம் தொடக்கத்திற் குறித்த பாட்டிமாரின் கேள்விக்கு வருவோம். குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் தைராய்டு சுரப்பியின் குறைவைக் காட்டும். அக்குறைவு கண்ணுக்குத் தெரியாது. குழந்தை நன்றாகவே தோன்றும். முதற் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை கொடுத்துவந்தால் அறிவு வளர்ச்சி இயல்பாக நடக்கும். தெரிந்துகொள்ளாது விட்டால் அறிவு மங்கும், இழந்ததை மீட்டல் அரிது. செவிச் சோதனையும் இத்தன்மையதே. கேளாத குழந்தை பேசக் கல்லாது. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றும் மெல்லிய மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரு வாரத்துள் தானே மறையும். ஆயின் முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சளும், உள்ளங்கால் வரை பரவும் மஞ்சளும், வெளுத்த மலத்தோடு நீடிக்கும் மஞ்சளும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டத்தக்கவை. மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியம் செய்து காத்திருத்தல் கூடாது. இரண்டு முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தையின் இரத்தத்தில் நூறு மில்லி லிட்டருக்குப் பதினொரு கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது சோகை. அக்குழந்தை சோம்பேறியன்று, இரும்புச் சத்தற்றது.

இத்துணையும் நம் நகரத்திலேயே நடைபெறுகின்றன. எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதற்கில்லை. சோதனைக்கு இரத்தம் கொடுத்துச் சென்ற தாய்மாருட் சிலர் முடிவை அறிய மீண்டும் வருவதில்லை. பேருந்துக் கூலியும் ஒரு நாட் கூலியும் அவர்களைத் தடுக்கின்றன. குழந்தை நன்றாகத்தானே இருக்கின்றதென்னும் எண்ணமும் தடுக்கின்றது. பள்ளியில் பரிசோதித்துக் கண்ணாடி வேண்டுமென்று எழுதிக்கொடுத்த சீட்டு, பையின் அடியிலேயே மடிந்து கிடப்பதும் உண்டு. தெரியாமையால் வரும் இழப்பைவிடத் தெரிந்தும் செல்லாமையால் வரும் இழப்பு கொடியது. அரசாங்கமும் மருத்துவரும் பாதி வழி வந்துவிட்டனர். மற்றப் பாதியை வீட்டிலுள்ளோர் நடத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நும்மில் எல்லோரும் மருத்துவராகப் போவதில்லை. ஆயினும் நும் தெருவில் ஒரு சிசு பிறக்கும். நும் அக்காளின் குழந்தை எடை ஏறாதிருக்கும். நும் தம்பி கரும்பலகையைக் கண் சுருக்கி நோக்குவான். அப்போது படித்தவராகிய நும்மையே வீட்டார் கேட்பர். சோதனையின் முடிவை வாங்கிவர ஒரு நாள் காலை மருத்துவமனை செல்லுதலும், எழுத்தறியாத் தாய்க்கு அதனைப் படித்துச் சொல்லுதலும் பெரிய தொண்டுகள் அல்லவெனத் தோன்றலாம். புதுக்கோட்டையில் மூச்சிரைப்போடும் மங்கிய பார்வையோடும் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்த சிறுமியொருத்தி, பேச இயலாதவர்க்காகப் பேசுவதையே தன் வாழ்வாகக் கொண்டாள். அவளுடைய சரித்திரத்தைப் படித்த நாம், அவள் வேண்டிய அந்த ஐந்து நிமிடத்தை நம் வீட்டுக் குழந்தைக்கும் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் மறுக்காமல் கொடுப்போமாயின், அதுவே அப்பெருமாட்டிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.